உப்புக்காற்றில் ஓடும் பைக்குக்குக் குதிரைத்திறன் கூட்டுவது எப்படி? குறைந்த செலவுக்காரர்களுக்கு

முதன்முதலாக என் பைக்கின் சக்தியைக் கூட்டுகிறேன் என்று நான் செய்தது இரண்டே காரியம். ஒரு கூம்பு ஏர் ஃபில்டர், ஒரு சத்தமான சைலன்சர். நாலாயிரத்துச் சொச்சம் போனது. உச்சிப்புளியில் ஸ்டார்ட் செய்தால் பெருங்குளத்தில் கேட்கும் என்று வீட்டில் திட்டு. ஆனால் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் முன்பு நாலாம் கியரில் தானாக ஏறிய வண்டி, அதற்கப்புறம் மூன்றுக்கு இறக்கினால்தான் ஏறியது.

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் சைலன்சரைப் பார்க்கவே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுழற்று சுழற்றினார். அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது. "இதச் சுத்த விடாம வச்சுக்கிட்டு சைலன்சர் மாத்தி என்ன செய்ய?" என்றார். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். தினமும் வேலைக்கு, கடைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று ஓடுகிற வண்டி, கையில் ரெண்டாயிரம் மூவாயிரம்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும் என்பவர்களுக்காக எழுதுகிறேன். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

குதிரைத்திறன் என்றால் என்ன, எவ்வளவு எதிர்பார்க்கலாம்

75 கிலோ மூட்டை ஒன்றை ஒரே விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். ஸ்ப்ளெண்டரில் அப்படி எட்டு, பல்சர் 150-இல் பதினான்கு, நம் ஊரில் மூன்று கூடை மீனும் ஐஸும் ஏற்றிப் போகிற எக்ஸ்எல் 100-இல் நாலு சொச்சம். நாலு குதிரை அவ்வளவு பாரம் இழுக்கிறதே, எப்படி? அது வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறது. என்ஜின் எவ்வளவு பலமாகத் திருகுகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது, இந்த இரண்டின் பெருக்கல்தான் குதிரைத்திறன். அதனால் "பிக்கப் இல்லை" என்று நாம் சொல்லும்போது பல சமயம் குதிரை குறைந்திருக்காது, கியரிங்தான் ஒத்துவராமல் இருக்கும். இதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று, கம்பெனி சொல்லும் எட்டும் பதினான்கும் புது என்ஜினின் கிராங்கில் (என்ஜினுக்குள் சுற்றும் தண்டில்) அளந்தது. ஐந்து வருடம் கடற்கரையில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு அது அப்படியே வந்து சேராது. செயின், பிரேக், அழுக்கு ஃபில்டர், கசியும் வால்வு என்று ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். என்ஜினைப் பிரிக்காமல், 100 முதல் 150 சிசி வண்டியில், புதிதாக இருந்ததைவிட மேலே ஏற்றுவது ரொம்பச் சிரமம், அரைக் குதிரை கிடைத்தால் பெரிது. ஆனால் பிடித்து வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்ப வாங்குவது எளிது. என் வண்டியில் ஒன்றுக்கு மேலேயே வந்தது.

முதலில் அளந்து வையுங்கள்

இதைச் செய்யாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். சக்தியை அளக்கும் டைனோ மெஷின் தேடி மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டாம், ஃபோன் போதும். காலை ஆறு மணிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமமான ரோடு ஒன்று பாருங்கள். தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி இடங்கள் உண்டு. தனுஷ்கோடி ரோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் மணல் அடித்துக் கிடக்கும், அங்கே வேண்டாம். ஸ்பீடோமீட்டர் தெரிகிற மாதிரி ஃபோனை மாட்டி வீடியோ ஓடவிட்டு, மூன்றாம் கியரில் 30-இல் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கி 60 வரை விடுங்கள். அதே ரோட்டில் திரும்பி வந்து எதிர்த்திசையில் ஒரு முறை. இப்படி மூன்று ஜோடி எடுத்து சராசரி போடுங்கள்.

இரண்டு திசை ஏன் என்றால், காற்று. ஆடி மாதம் கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் திரும்பிப் பாருங்கள், முகத்தில் அறையும். நீங்கள் 60-இல் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால், காற்றைக் கிழிக்க மட்டும் காற்றில்லாத நாளைப்போல இரண்டேகால் மடங்கு சக்தி வேண்டும். அந்த நாளில் "வண்டி செத்துவிட்டது" என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், நானும் ஓடியிருக்கிறேன்.

கணக்கு இப்படி: வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையை 104-ஆல் பெருக்குங்கள், எடுத்த விநாடியால் வகுங்கள், வந்ததை 735-ஆல் வகுங்கள். காற்றுக்கும் ரோட்டுக்கும் கொடுத்தது போக வண்டியை முன்னால் தள்ள மிச்சமான குதிரைத்திறன் அது. வண்டியும் நானுமாக 216 கிலோ. முதலில் 7.4 விநாடி எடுத்தது, அதாவது 4.1 குதிரை. வேலை எல்லாம் முடித்தபின் 5.9 விநாடி, 5.2 குதிரை. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்தான், ஆனால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கூட்டிக் காட்டுவதால் ஒப்பிடுவதற்குக் குறையில்லை.

சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

எல்லாரும் என்ஜினிலிருந்து ஆரம்பிப்பார்கள். நாம் தலைகீழாக.

சென்டர் ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுழற்றுங்கள். முன்சக்கரம் தாராளமாக நாலைந்து சுற்று சுற்ற வேண்டும், பின்சக்கரம் செயினையும் இழுப்பதால் கொஞ்சம் குறைவு. நின்று நின்று சுற்றினால் பிரேக் பிடித்திருக்கிறது. டிரம் பிரேக் என்றால் உள்ளே இருக்கும் கேம் உப்பில் துருப்பிடித்து, அழுத்தினால் போகும், விட்டால் திரும்பி வராது. கழற்றி, எமரி தாளால் தேய்த்து, கேமில் மட்டும் துளி கிரீஸ் வைத்து மாட்ட வேண்டும் (பிரேக் ஷூவில் கிரீஸ் பட்டால் பிரேக்கே இருக்காது, கவனம்). டிஸ்க் பிரேக் என்றால் காலிபர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) நகரும் பின்கள் காய்ந்து இறுகியிருக்கும். அந்தப் பின்னுக்கென்று இருக்கும் கிரீஸைத்தான் போட வேண்டும், சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டிவிட்டு டிஸ்க் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், அனல் அடித்தால் உங்கள் குதிரை அங்கேதான் வெந்துகொண்டிருக்கிறது.

செயின். கடற்கரையில் செயின் மூன்று நாளில் செம்பழுப்பாகிவிடும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, கியர் ஆயில் அல்லது செயின் லூப் விடுங்கள். தளர்வு மேனுவலில் சொன்னபடி, பெரும்பாலான வண்டிக்கு 20 முதல் 30 மி.மீ. இறுக்கமாக இருந்தால்தான் நல்லது என்று நினைத்து முறுக்கி வைப்பவர்கள் பேரிங்கைக் கொல்கிறார்கள். ஆங்காங்கே மடங்கி நிற்கும் செயின் என்றால் கழுவிப் பயனில்லை, செட்டோடு மாற்றிவிடுங்கள், மாற்றும்போது கீழே ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டயரில் காற்று. இதற்கு ஒரு வரி போதும்: வாரம் ஒரு முறை, வண்டி சூடாகும் முன், மேனுவலில் உள்ள அளவு.

என் வண்டியில் 7.4 விநாடி 6.6 ஆனது இந்த மூன்றில் மட்டும்தான். செலவு 300 ரூபாய்க்குள்.

அப்புறம் காற்று, தீப்பொறி, பெட்ரோல்

ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும், என்ஜினுக்கு அதுதான் சாப்பாடு. இதே வண்டியை ஊட்டிக்கு ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆனால் சூடான காற்று லேசானது, 30 டிகிரியிலிருந்து 40-க்குப் போனால் நூற்றுக்கு மூன்று குறையும். என் கூம்பு ஃபில்டர் செய்த வேலை இதுதான். என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வெந்த காற்றை உள்ளே விட்டது, கூடவே கார்புரேட்டரின் கணக்கைக் கெடுத்து பெட்ரோல் போதாமல் செய்தது, அதற்குமேல் நம் ஊர்ப் பொடி மணலையும் விட்டது. மணல் உள்ளே போனால் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தமாதிரி. கம்பெனி ஏர்பாக்ஸில் கம்பெனி ஃபில்டர், அதுதான் சரி.

அந்த ஃபில்டரை மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் பாதியில் மாற்றுங்கள், அந்தக் கிலோமீட்டர் மணல் பறக்காத ஊருக்குப் போட்டது. ஸ்பாஞ்சு வகை என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். காகித வகையில் எண்ணெய்ப் பசை உள்ளது என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. அடித்தால் அந்தப் பசை போய், தூசி நேரே உள்ளே போகும். பல ஒர்க்‌ஷாப்பில் பழக்கதோஷத்தில் அடித்துக் கொடுப்பார்கள், பக்கத்தில் நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நலம். கரிபோலக் கறுப்பு என்றால் பெட்ரோல் கூடுதல் அல்லது ஃபில்டர் அடைப்பு. வெள்ளைவெளேர் என்றால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் சூடேறும். ஈரமாக எண்ணெய் பளபளத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்து மேனுவலில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள், பொதுவாக 0.7, 0.8 மி.மீ. பக்கம் இருக்கும். விலை உயர்ந்த இரிடியம் பிளக் நெடுநாள் உழைக்கும், ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும், குதிரை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிளக் கேப்புக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்பதைப் பாருங்கள், அதுதான் நம் ஊர் வியாதி. பேட்டரி எர்த் வயர், காயில் கனெக்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, மாட்டியபின் மேலே லேசாக வாசலைன் தடவினால் உப்பு அண்டாது.

பெட்ரோலுக்கு வருவோம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் அதே வேலைக்கு அது கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்ஜெக்டர் உள்ள வண்டியில் சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் தானே ஓரளவு கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்குக் கண் கிடையாது, அதே ஓட்டை வழியாக அதே அளவுதான் விடும். பிளக் வெளுத்து, முறுக்கினால் ஒரு நொடி திணறிப் பிறகு போகிற வண்டி என்றால் மெயின் ஜெட்டை (அந்த ஓட்டை உள்ள சின்னத் துண்டு) ஒரு அளவு பெரிதாகப் போட்டுப் பாருங்கள், நூறு இருநூறு ரூபாய் வேலை. நான் போட்டேன், வித்தியாசம் தெரிந்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்ஜெக்டர் உள்ளவற்றுக்கு இது தேவைப்படாது, அதில் த்ராட்டில் பாடியை (என்ஜினுக்குக் காற்றைத் திறந்துவிடும் பகுதி) சுத்தம் செய்தால் போதும்.

எத்தனால் ஈரத்தையும் குடிக்கும். சபுர் (வெளிநாட்டு வேலைக்கு) போனவர் வண்டி கீழக்கரையில் ஆறு மாதம் ஷெட்டில் நின்றது என்றால், வந்தவுடன் டாங்கிலிருக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள், கார்புரேட்டர் கிண்ணத்தையும் திறந்துவிடுங்கள். ஆக்டேன் கூடின, விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடும் என்பார்கள். உங்கள் மேனுவல் சாதாப் பெட்ரோல் போதும் என்றால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு பங்க்காரருக்கு மொய். பெட்ரோல் டியூபில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை, இவற்றைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

டேப்பட், கம்ப்ரஷன், கிளட்ச்

இங்கே உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து போங்கள். ராத்திரி நின்று முழுக்க ஆறிய என்ஜினில்தான் டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பார்க்க வேண்டும், ஓட்டி வந்தவுடன் பார்க்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல சின்ன என்ஜின்களில் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள்தான், இன்லெட்டுக்கு ஒன்று எக்ஸாஸ்டுக்கு ஒன்று. காதால் கேட்டு அட்ஜஸ்ட் செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள், நான் ஃபீலர் கேஜைத்தான் நம்புவேன். சத்தம் வரும் டேப்பட்டைவிட சத்தமே வராத இறுகிய டேப்பட் ஆபத்து: வால்வு முழுக்க மூடாது, அழுத்தம் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு எரிந்தே போகும்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளப்பது) இருக்கும் ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு கிக். 150 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் கவலை இல்லை. மிகக் குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கிக் அடித்துப் பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்துவிட்டது, ஏறாவிட்டால் வால்வு. இரண்டுமே சில ஆயிரம் ரூபாய் வேலை, சின்னச் செலவில் தீராது, அதைச் செய்யாமல் மற்ற எதையும் வாங்கிப் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது.

கிளட்ச் வழுக்கினால் என்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முதலில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கிறதா பாருங்கள், அது இல்லாமல்தான் பாதி கிளட்ச் பிளேட் தேய்கிறது. பிறகு ஆயில். கிளட்ச் ஆயிலில் மூழ்கி நிற்கும் வண்டிகளில் காருக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கு மருந்தே கிளட்சை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், எம்பி என்று இருப்பது ஸ்கூட்டருக்கு. பருமன் மேனுவலில் சொன்னதுதான். 10டபிள்யூ30 சொன்ன வண்டிக்கு "வெயிலுக்கு நல்லது" என்று 20டபிள்யூ50 ஊற்றினால் அந்தக் கெட்டி ஆயிலைக் கலக்கவே கொஞ்சம் சக்தி போகும்.

இப்போதுதான் மாற்றம்

ஸ்ப்ராக்கெட். செலவுக்கு மிக அதிகமாக உணர முடிகிற மாற்றம் இதுதான், ஆனால் இது குதிரையைக் கூட்டாது, இருக்கும் குதிரையை வேறு மாதிரி பூட்டும். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 3. பின்னால் 45 போட்டால் 3.21. ஒவ்வொரு கியரிலும் இழுவை நூற்றுக்கு ஏழு கூடும். பதிலுக்கு 60 கி.மீ. வேகத்தில் 5,000 சுற்றிய என்ஜின் இனி 5,350 சுற்றும், உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். உச்சிப்புளியிலிருந்து தினம் ஆள் பாரம் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் கடைத்தெருவுக்கு வந்து போகிறவருக்கு இது வரம். வாரம் இரண்டு முறை ஈசிஆரில் தொண்டி வரை நீளமாக ஓட்டுபவர் தொட வேண்டாம். முன்னால் ஒரு பல் குறைத்தாலும் ஏறக்குறைய இதே பலன், விலை மலிவு, ஆனால் சின்ன வட்டத்தில் செயின் அதிகம் மடங்குவதால் சீக்கிரம் தேயும். பின்னால் மூன்று பல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள், செயின் நீளம் போதுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை. இருநூறு கிலோவில் பத்து கிலோ குறைத்தால், புறப்படும்போது ஐந்து சதவீதம் சக்தி கூடின மாதிரி. இரும்புக் கிராஷ் கார்டு, இரண்டு பக்கமும் தொங்கும் பெட்டி, அதற்குள் மறந்துபோன பூட்டுச் சங்கிலி. சேலைக் கார்டைக் கழற்றாதீர்கள், பின்னால் உட்காருகிறவர் உயிர் அது.

சைலன்சரில் செய்யக்கூடியது ஒன்றுதான், துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றுவது. சென்சாருக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தப்பாகச் சொல்லி, வண்டி கண்டபடி பெட்ரோல் குடிக்கும். சத்தம் போடும் சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்குவது, வேறு என்ஜின் வைப்பது எல்லாம் இதில் வரும், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இசியூ ரீமேப் (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்து கிடைப்பது சில குதிரைதான், காசுக்குக் கேடு. டர்போ டீசலில் நிஜமாகவே கிடைக்கும், ஏனென்றால் டர்போ தள்ளும் காற்றையும் டீசலையும் மென்பொருளில் கூட்டலாம். ஸ்விஃப்டில் 75 குதிரை தந்த அதே 1,248 சிசி டீசல் என்ஜின் சியாஸில் 90 தந்தது, ஆனால் அதற்கு டர்போவையே மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். கிளட்சும் டர்போவும் தாங்குமா, வாரண்டி போகுமே என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். அதற்கு முன் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் வால்வு) கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பழைய டீசல் காரில் காணாமல் போன இழுவை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

கழுவுவது

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டு போர் தண்ணீரில் வண்டியைக் கழுவினால் மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நம் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். காற்று பூசிய உப்பு போதாதென்று நாமும் ஒரு பூச்சு பூசுகிறோம். வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி காய்வது மாதிரி பிரேக் காலிபருக்குள் அது காயும். போர் தண்ணீரில் சேறு மணலைக் கழுவிக்கொள்ளுங்கள், கடைசியாக ஒரு வாளி காவேரித் தண்ணீர் (குடிநீர்த் திட்டத்தில் வரும் நல்ல தண்ணீர்) விட்டு அலசுங்கள். குடம் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை வண்டிக்கா ஊற்றுகிறாய் என்று வீட்டில் கேட்பார்கள், காலிபர் விலையைச் சொல்லுங்கள். கழுவியவுடன் நிறுத்திவைக்காமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை நாலு முறை பிடித்து, ஈரத்தைக் காயவிட்டு, வந்து செயினுக்கு ஆயில் விடுங்கள். தனுஷ்கோடிக்கோ அரிச்சல்முனைக்கோ போய்வந்தால் அன்று சாயங்காலமே கழுவ வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.